கூரை பிரித்த நேரம்

பிக்கப் வண்டி வந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தும் மூகே இறங்கவில்லை. ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து, பற்றவைக்காத சுங்கானைப் பல்லில் கடித்தபடி, கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் புகையிலையைத் தொடக் கூடாது என்று சொல்லி ஒரு மாதம் ஆகிறது. சுங்கானைக் கடிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்பது அவள் வாதம்.

"எறங்கு, ஸேபோ அம்மா. நர்ஸம்மா காத்துக்கிட்டிருக்கு," என்றான் அவள் புருஷன் தூலோ.

"காத்திருக்கட்டும். மலை முழுக்கப் பொகை சூழ்ந்து ஒரு மாசமாச்சு. இன்னிக்கித்தான் வழி தெரிஞ்சு வந்திருக்கு அது. நான் அஞ்சு நிமிஷம் உக்காந்தா கொறஞ்சா போயிடும்?"

இவ்வளவு பேசியதற்குத் தண்டனையாக இருமல் வந்தது. வந்தால் லேசில் விடாது. தூலோ அவள் முதுகைத் தடவியபடி நின்றான். மகள் ஸேபோ பாயையும் துணி மூட்டையையும் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். அடிவாரத்து ஊரின் சுகாதார நிலையத்தில் ஜன்னலை எல்லாம் அடைத்து, காற்றை வடிகட்டும் மெஷின் வைத்து, நெஞ்சு கெட்டவர்களுக்கென்று ஓர் அறை போட்டிருந்தார்கள். மலை எரிந்து முடிகிறவரை மூகே அங்கே இருக்க வேண்டும். கூட ஒருவர்தான் போகலாம்.

தூலோதான் போக வேண்டும் என்று ஸேபோ நேற்றே சொன்னாள். ஆனால் தீக்காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் கோட்டுக்கு வர வேண்டும் என்பது ஊர்க் கட்டு. கோடு என்றால் காட்டுக்கும் ஊருக்கும் நடுவே சருகைக் கூட்டித் தள்ளி, வெறும் மண் தெரிய வைத்த பாதை. தீ வந்தால் அதில் தின்ன ஒன்றும் கிடைக்காமல் அணைய வேண்டும். தூலோ போய்விட்டால் அந்த வேலைக்கு ஸேபோ நிற்க வேண்டும். நெருப்புக்கு முன்னால் பெண்ணை நிறுத்திவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. அதனால் ஸேபோதான் அம்மாவோடு கிளம்பினாள்.

"கூரையப் பாத்துக்குங்க," என்றாள் மூகே, வண்டியில் ஏறியதும்.

"கூரை எங்க ஓடிப்போகுது?"

"எந் தம்பிய நம்பாதீங்க. தகரம் தகரம்னு ஒங்க காதுல ஓதிக்கிட்டே இருப்பான். நீங்களும் தலையத் தலைய ஆட்டிடுவீங்க. சொல்லிட்டேன், தகரத்துக்குக் கீழ நான் சாக மாட்டேன்."

"அப்ப தகரம் போட்டா நீ சாகவே மாட்டியா? இன்னிக்கே போட்டுடறேன்."

அவள் சிரித்தாள். சிரித்ததும் மறுபடி இருமல். வண்டி வளைவில் திரும்பும்போது அவள் கை மட்டும் வெளியே தெரிந்தது. கையை ஆட்டினாளா, போ என்று விரட்டினாளா என்று தூலோவுக்குத் தெரியவில்லை. முப்பது வருடமாக அந்த இரண்டுக்கும் அவள் ஒரே சைகையைத்தான் வைத்திருந்தாள்.

எங்கள் மெலாகோ ஊரில் நாற்பத்திரண்டு வீடு. அதில் நாற்பத்தொன்று தகரம். ஒன்றே ஒன்று இலைக்கூரை, அது மூகேயுடையது. மூகேயுடையது என்று சொல்வது பேச்சுக்காக இல்லை. எங்கள் மலையில் வீடு பெண்ணுடையது. ஆண்பிள்ளை அவள் அடுப்பில் சோறு தின்று, அவள் கூரைக்குக் கீழே தூங்கி எழுகிறவன், அவ்வளவுதான். அவள் கண்ணை மூடினால் வீட்டைப் பிரித்துவிட வேண்டும். முதலில் இறங்குவது கூரை. அவள் உயிரோடு இருக்கிறவரை அது முழுசாக இறங்கக் கூடாது, இறக்கினால் அவள் உயிர் நிற்காது. இலை மாற்றும்போதுகூட ஒரு பக்கத்தை வேய்ந்து முடித்த பிறகுதான் மறு பக்கத்தில் கை வைப்போம். அடுப்புக்கு நேர் மேலே வானம் தெரிந்தால் அந்த வீட்டில் பெண் இல்லை என்று அர்த்தம். கீழ்த்தெருவில் கிறிஸ்தவ வேதத்துக்குப் போனவர்கள் இதையெல்லாம் எப்போதோ விட்டாயிற்று. தூலோ விடவில்லை. அவன் அம்மா செத்த அன்று அவனே ஏறி முதல் இலைக் கட்டைப் பிரித்தவன். அதை எப்படி விடுவான்?

தீயை யார் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். அடுத்த பள்ளத்தாக்கில் காளான் தேடப் போனவனோ, காட்டுப்பன்றியை விரட்டினவனோ, பீடித் துண்டை எறிந்தவனோ, யாரோ. கீழே சியாங் மாய் நகரத்தில் உட்கார்ந்து இருமுகிறவர்களுக்கு மட்டும் அதில் சந்தேகமே கிடையாது. அவர்களுக்கு எல்லாத் தீயும் மலைக்காரன் வைத்த தீதான். தீ வைக்கத் தடை என்று அறுபது நாளைக்கு ஊர் முகப்பில் அறிவிப்புப் பலகை நட்டிருந்தார்கள். தீ அதைப் படிக்கவில்லை.

கோடு ஜனவரியிலேயே வெட்டியாகிவிட்டது. ஏழு கிலோமீட்டர், மூங்கில் வாரியாலும், இலை ஊதும் இரண்டு மெஷினாலும். அதில் ஒரு மெஷின் பாதி நாள் வேலை செய்யும், பாதி நாள் வேலை செய்கிறவனை வேலை வாங்கும். ஆனால் மார்ச்சில் எங்கள் காடு இலை கொட்டுகிற காடு. இன்று கூட்டினால் ஒரு காற்றில் நாளைக்கு முழங்கால் உயரம் சருகு. மூகே போன பிறகு மூன்று நாள் ஆண்கள் விடியலில் போய்ச் சருகைத் தள்ளினார்கள், மாலையில் வந்து சாம்பல் படிந்த சோற்றைத் தின்றார்கள். மூன்றாம் நாள் எதிர்ச் சரிவில் புகை நிறம் மாறியது. வெள்ளையாக இருந்தது மஞ்சள் கலந்த கறுப்பானது.

நான்காம் நாள் மதியத்துக்கு மேல் உள்ளே இற்றுப்போயிருந்த ஒரு பட்ட மரம் எரிந்து, கோட்டுக்குக் குறுக்கே விழுந்தது. ஏழு கிலோமீட்டர் வேலை அந்த ஒரு மரத்தில் போயிற்று. தீ கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து பள்ளத்தில் இறங்கி, பிறகு ஊரைப் பார்த்து ஏறத் தொடங்கியது. தீ இறங்கும்போது நொண்டும், ஏறும்போது ஓடும். அது ஏறி வருகிற சரிவின் நுனியில், மூங்கில் புதருக்கு மேலே, முதல் வீடு தூலோவுடையது.

ஊர்த்தலைவன் ஜோவா மூச்சிரைக்க ஓடி வந்தான். மூகேயின் தம்பி அவன். பெண்களையும் குழந்தைகளையும் மேலே பள்ளிக்கூட மைதானத்துக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தான். கூடவே பக்கத்து வீட்டுப் பெலூவும் இன்னும் ஆறேழு பேரும்.

"மாமா, கூரையப் பிரிக்கணும்."

"எந்தக் கூரைய?"

"ஊர்ல எத்தன எலைக்கூரை இருக்கு மாமா? அந்த மூங்கில் பத்துச்சுன்னா பொறி நேரா இங்கதான் வரும். இது பத்துனா எரியற எலை காத்துல பறந்து ஊர் முழுக்க விழும். தகரம் போட்டா மட்டும் ஆச்சா? செவரு மூங்கில், தரை மூங்கில். நாப்பத்திரெண்டு வீடு மாமா."

"தண்ணி ஊத்தறேன். காலையிலேர்ந்து ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

"வெளிப்பக்கம் நனையும். உள்பக்கம் பத்து வருஷப் பொகை குடிச்ச எலை. பொறி ஒண்ணு உள்ள நொழைஞ்சாப் போதும், பொட்டுனு புடிச்சுக்கும்."

அவன் சொன்னது சரி என்று தூலோவுக்குத் தெரியும். அதனால்தான் கோபம் வந்தது.

"ஒங்கக்கா உசிரோட இருக்காடா. அவ இல்லாதப்ப அவ கூரையில கை வெக்கச் சொல்றியே, எப்படிடா ஒனக்கு வாய் வருது?"

ஜோவாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "எனக்கும் அக்காதான் மாமா," என்றான் மெதுவாக. "அவ தூக்கி வளத்தவன்தான் நான்."

"அவகிட்ட கேக்கறேன். அவ சரின்னா பிரிங்க."

தூலோ போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினான். ஐம்பது வயதைத் தாண்டியவன் ஓடுகிற ஓட்டம் இல்லை அது. மேட்டில் நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கினான், திருப்பினான், அணைத்துப் போட்டான். ஒன்றும் இல்லை. எதிர்மலையில் செல்போன் கோபுரம் இருந்த இடத்தில் புகைதான் நின்றது. கோபுரம் போய்விட்டதா, மறைந்திருக்கிறதா தெரியவில்லை. மகளின் நம்பரை ஏழு தடவை அழுத்தினான். ஏழு தடவையும் ஒரு பெண்குரல் தாய்லாந்து மொழியில் மரியாதையாக முடியாது என்றது.

அவளிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? பிரிச்சுப் போடுங்க, இதையெல்லாமா எங்கிட்ட கேப்பீங்க என்று திட்டியிருப்பாள். அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று அவனுக்கு ஒரு நிமிடம் நிச்சயமாகத் தோன்றியது. அடுத்த நிமிடம், வண்டியில் ஏறியதும் அவள் சொன்னது காதில் விழுந்தது. கீழே மூங்கில் கணுக்கள் வெடிக்கத் தொடங்கிவிட்டன. வேட்டுப் போடுவதுபோல ஒன்று, பிறகு இரண்டு, பிறகு எண்ண முடியாமல்.

திரும்பி வந்து சொன்னான்: "பிரிங்க. ஆனா அடுப்புக்கு மேல ஒரு கை அகலம் விட்டுடுங்க. அது இருந்தா கூரை எறங்குனதா ஆகாது."

ஜோவா ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெலூ அவன் தோளை அழுத்தி நிறுத்தினான். "விடுப்பா. குடுமி வெச்சு மொட்ட அடிக்கறதும் மொட்டதான்," என்றபடி ஏணியில் ஏறினான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

எட்டுப் பேர் ஏறினால் ஒரு கூரை எவ்வளவு நேரம் தாங்கும்? இரண்டு பருவம் இலை பொறுக்கி, மூகேயும் ஸேபோவும் ஒவ்வோர் இலையாக மடித்துக் குச்சியில் கோத்துக் கட்டியது, அரைமணியில் வரிச்சும் கைமரமுமாக நின்றது. பிரித்த இலையைப் பெண்கள் மாதிரி கூடையில் அள்ளி மேலே பாறைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். முகட்டில் அடுப்புக்கு நேராக ஒரு கை அகலத் துண்டு மட்டும் மிஞ்சியது. தூலோ மூகேயின் கம்பளியைத் தண்ணீரில் முக்கி அதன்மேல் விரித்தான். இனி ஒன்றும் ஆகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

பிறகு எல்லோரும் சரிவு விளிம்புக்குப் போனார்கள். முதுகில் தண்ணீர்த் தொட்டி கட்டியவர்கள் நாலு பேர். மற்றவர்கள் பச்சை வாழைத்தண்டாலும் ஈரச் சாக்காலும் அடித்தார்கள். சூடு முகத்தை அறைந்தது. கண்ணைத் திறந்தால் எரிச்சல், மூடினால் பயம். ஒருவன் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி வந்து நின்றான். ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பிளாஸ்டிக் குழாய் எங்கோ உருகியிருக்க வேண்டும். தொட்டியை நிரப்பப் போனவன் வெறும் வாளியோடு திரும்பி வந்தான்.

"தண்ணி நின்னுபோச்சு!"

அந்தக் குரலைக் கேட்டு ஏன் தூலோ வீட்டைத் திரும்பிப் பார்த்தானோ. வெறும் கைமரங்களுக்கு நடுவே, முகட்டில், கம்பளியின் ஓரத்திலிருந்து நூல்போலப் புகை எழுந்துகொண்டிருந்தது.

அவன் யாரையும் கூப்பிடவில்லை. ஏணியில் ஏறி, கைமரத்தைப் பிடித்துத் தொங்கி, முகட்டுக்குப் போனான். கம்பளி காய்ந்து மொரமொரவென்று இருந்தது. அதைத் தூக்கியதும், காற்றுக்குக் காத்திருந்ததுபோல, கீழே இலை குப்பென்று பிடித்தது. ஊற்ற ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கம்பளியால் அடித்தான். அடிக்க அடிக்கப் பொறி பக்கத்து வரிச்சுக்குப் போயிற்று.

மேல்தெருவில் பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கி ஆறு மணி தேசிய கீதத்தை ஆரம்பித்தது. எட்டுக்கும் ஆறுக்கும் அது தானாகப் பாடும், ஊர் எரிந்தாலும் பாடும். மைதானத்தில் பிள்ளைகள் பழக்கத்தில் எழுந்து நின்றிருப்பார்கள். தூலோ முகட்டில் குந்தியபடி அந்தக் கடைசித் துண்டைப் பார்த்தான். விட்டால் வீடு போகும், வீட்டோடு ஊர் போகும். பிடுங்கினால்?

இரண்டு கையாலும் பிடுங்கினான். எரிகிற இலைக் கட்டைக் குச்சியோடு முறித்து, முறித்து, வெறுமனே கிடந்த முற்றத்து மண்ணில் எறிந்தான். "மூகே, நான் இல்லடி, நான் இல்லடி," என்று கத்திக்கொண்டே எறிந்தான். பாட்டு முடிவதற்குள் முகடு சுத்தமாகிவிட்டது. கீழே எட்டிப் பார்த்தான். அடுப்பும், அடுப்புப் பக்கத்தில் அவள் உட்காரும் மணையும் சாயங்கால வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன. அந்த இடத்தில் வெயில் விழுந்து அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

தீ மூங்கிலைத் தின்று முடித்துவிட்டு, தின்ன வேறு இல்லாமல் விளிம்பில் படுத்தது. ஒரு வீடும் போகவில்லை. ஆண்கள் கரி முகத்தோடு ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெலூ அரிசிச் சாராயம் கொண்டுவந்தான். முதல் கிண்ணம் தூலோவுக்குத்தான் என்றார்கள். ஜோவாவின் மனைவி தூலோவின் வெந்த கைகளுக்கு மருந்து பூசித் துணி சுற்றினாள். அவனால் கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை. பெலூ வாயில் ஊற்றினான். ஊரைக் காப்பாற்றினவன் என்று பேசிக்கொண்டார்கள். கூரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைத்தான் எங்கள் ஊரில் பேச மாட்டோம்.

மறுநாள் விடிந்ததும் அவன் கூரைக்கு இலை தேடிப் போனான். அவள் வருவதற்குள் அடுப்புக்கு மேலே ஒரு கை அகலமாவது வேய்ந்துவிட வேண்டும். மத்தியானம்வரை நடந்தான். எந்தப் பக்கம் போனாலும் கறுப்பு. காலடியில் சாம்பல், தலைக்கு மேலே மொட்டைக் கொம்பு. கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு ஓர் இலை இல்லை. வெறுங்கையோடு திரும்பி, பெலூவிடம் நீலத் தார்ப்பாயை வாங்கி முகட்டில் கட்டினான். கட்டிவிட்டுக் கீழே நின்று பார்த்தபோது அது ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. யாரை ஏமாற்ற?

அதற்கும் மறுநாள்தான் சாலையில் விழுந்த மரங்களை அறுத்து வழி விட்டார்கள். அதே பிக்கப் வளைவில் திரும்பி, ஹாரன் அடிக்காமல், மெதுவாக வந்தது. அது மெதுவாக வருவதைப் பார்த்ததுமே தூலோ முற்றத்தை விட்டு இறங்கினான். வண்டியின் பின்பக்கத்தில் ஸேபோ பாய்ச் சுருட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாய் சுருட்டினமாதிரி இல்லை, நீளமாக, கயிறு கட்டியிருந்தது.

வண்டி நிற்பதற்குள் ஓடிப்போய்ப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். ஐயோ என்று அலறவில்லை, பெண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை. முதல் வார்த்தையாக அவன் கேட்டது:

"எப்போ?"

ஸேபோவின் கண் அவனைத் தாண்டி வீட்டுக்குப் போயிற்று. வெறும் கைமரங்கள், முகட்டில் அந்த நீலத் துண்டு. கண் திரும்பி வந்து அவன் கைக்கட்டில் நின்றது. பிறகு முகத்துக்கு வந்தது. பக்கத்தில் ஜோவா நின்றிருந்தான்.

"எப்போம்மா? தீ வந்த அன்னிக்கா?"

"ஆமா. அன்னிக்கு மதியம்," என்றாள் ஸேபோ.

"மதியமா? நல்லாத் தெரியுமா?"

"நான் பக்கத்துலதான இருந்தேன். சோறு நேரம். கஞ்சி வேணாம்னு தலையத் திருப்பிக்கிட்டா. அவ்வளவுதான். கடைசியா, வீடு நிக்குதான்னு கேட்டா. நிக்குதும்மான்னேன்."

அப்போதுதான் தூலோ அழுதான். மண்ணில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதான். அந்த அழுகையில் துக்கம் பாதிதான் என்பதை எனக்குச் சொல்லத் தயக்கமில்லை. "மதியமே போயிட்டாடா," என்று ஜோவாவின் காலைப் பிடித்து உலுக்கினான். "நாம கை வெக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா. அவ இல்லாத வீட்டுலதான் பிரிச்சிருக்கோம். ஒண்ணும் தப்பில்லடா." ஜோவாவும் குந்தி உட்கார்ந்து அழுதான். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மூச்சு விட்டார்கள். ஊருக்கே ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது.

சடலத்தைச் சுற்றி வந்து பாட வேண்டியவர்கள் பாடினார்கள். புகை தின்ற தொண்டையில் பாட்டுச் சரியாக வரவில்லை. மூகேக்கு அது பிடித்திருக்காது. தப்பாகப் பாடினால் நடுவில் எழுந்து திருத்துகிறவள் அவள். காட்டில் புதைக்கக் குழி வெட்டியபோது ஒரு முழ ஆழம்வரை மண் சூடாக இருந்தது.

மறுநாள் காலை வீட்டைப் பிரிக்க வந்தார்கள். எந்த எட்டுப் பேர் அந்த வீட்டைக் காப்பாற்றினார்களோ அதே எட்டுப் பேர். கூரை ஏற்கெனவே இறங்கிவிட்டதால் கைமரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். சுவர்ப் பாய்களை அறுத்து இறக்கினார்கள், தரை மூங்கிலை உருவினார்கள், தூண்களை ஆட்டிப் பிடுங்கினார்கள். ஒரு பொறிகூட விழாத மரம். பெலூ ஒரு தூணைத் தோளில் வைத்துக்கொண்டு, "இதுக்காடா அந்தப் பாடு பட்டோம்," என்று சொல்லிவிட்டு, தூலோ நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். பழைய மூங்கிலை எரிக்க வேண்டும். ஆனால் தீத்தடை இன்னும் முப்பது நாள் பாக்கி. அதனால் ஓரமாகக் குவித்து வைத்தார்கள்.

மதியத்தில் ஜோவா ஒரு காகிதத்தோடு வந்தான். சாவைப் பதிவு செய்ய அடுத்த நாள் அவன் மாவட்ட அலுவலகம் போக வேண்டும். சுகாதார நிலையத்தில் கொடுத்து, ஸேபோவின் துணி மூட்டையில் கிடந்த காகிதம் அது. ஜோவா அதை நின்றபடியே படித்தான். படித்தவன் இரண்டாம் தடவை படித்தான். பிறகு அவசரமாக மடித்தான்.

"என்னடா எழுதியிருக்கு?" என்றான் தூலோ.

"பேரு, வயசு, நோவு. வேற என்ன மாமா இருக்கும்."

"குடு."

"ஒனக்குத் தாய்லாந்து எழுத்து படிக்க வராதே மாமா."

"குடுடான்னா."

எழுத்துத்தான் வராது. முட்டைக்கோஸ் மூட்டையைத் தராசில் போட்டுப் போட்டு எண் நன்றாக வரும். துணிக்கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல் நுனியால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். மேலே ஒரு தேதி. தீ வந்த நாள்தான். அதற்குப் பக்கத்தில் 18.10.

தரை மூங்கிலை அடுக்கிக்கொண்டிருந்த ஸேபோவின் கை நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் அவன் பேச்சுக்குக் காத்திருந்தது. ஜோவா தரையைப் பார்த்தான். ஒலிபெருக்கி பாடியது அவனுக்கும் கேட்டிருந்தது, அன்று ஊரில் யாருக்குத்தான் கேட்கவில்லை.

ஆறு மணி. ஆறு பத்து. பத்து நிமிடம் அவள் தலைக்கு மேலே வானத்தோடு கிடந்திருக்கிறாள். வீடு நிக்குதா என்று அவள் கேட்டது எந்த நிமிடத்தில்? அந்தக் கடைசித் துண்டை இன்னும் கொஞ்சம் விட்டு வைத்திருந்தால்? ஊரே போயிருக்கும். அவள் இருந்திருப்பாளோ? கையின் எரிச்சல் தோள்வரை ஏறியது. கத்த வேண்டும்போல இருந்தது அவனுக்கு. மகளைப் பிடித்து உலுக்கி, உண்மையைச் சொல்லுடி என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

அவள் முதுகைப் பார்த்தான். அந்தப் பெண் வண்டியிலிருந்து இறங்குவதற்குள், பாதி மூச்சில், யாரையும் கலக்காமல் ஒரு முடிவு எடுத்திருக்கிறாள். செத்த அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பனைக் காப்பாற்றியிருக்கிறாள். வந்ததிலிருந்து அதைத் தனியாகச் சுமந்துகொண்டு மூங்கில் அடுக்குகிறாள்.

"இந்த ஆபீஸ்காரனுங்களே இப்படித்தான்," என்றான் தூலோ. குரல் கரகரத்தது, புகை என்று நினைத்துக்கொள்ளலாம். "எழுத உக்காந்த நேரத்தப் போட்டு வெக்கறானுங்க. மதியம் போனவளுக்குச் சாயங்காலம் எழுதியிருக்கான் பாரு."

ஜோவா நிமிர்ந்து பார்த்தான். "ஆமா மாமா," என்றான். "அவனுங்களுக்கு என்ன தெரியும்."

காகிதத்தை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான். அவன் நடை சரியில்லை. பிரிக்கச் சொன்னவன் அவன். அந்தப் பத்து நிமிடத்தில் அவனுக்கும் பங்கு உண்டு.

வேலை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, வீடு இருந்த இடத்தின் ஓரத்தில் ஸேபோ அப்பனுக்குச் சோறு கொண்டுவந்தாள். ஜோவா வீட்டில் வடித்த சோறு, மிளகாய்த் துவையல், அவித்த பூசணிக் கொடி. அவனால் கையால் எடுக்க முடியாது. எதிரில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டினாள். முதல் உருண்டையை விழுங்கினான். இரண்டாவதை விழுங்கினான். மூன்றாவதை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவள், அங்கேயே கையை நிறுத்தினாள்.

"மதியம்தாம்ப்பா," என்றாள்.

"ஆமாம்மா. மதியம்தான்," என்று சொல்லிவிட்டு அவன் வாயைத் திறந்தான்.